கேபிள் இணைப்பில் விளையாட்டுச் சேனல்கள்: கட்டும் பணத்துக்குத் தகுந்த சேவையா?

இந்தியாவில் கேபிள் இணைப்பின் வழியாக விளையாட்டைப் பார்ப்பவருக்கு, மாதந்தோறும் அவர் கட்டும் பணத்துக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது என்பதைச் சீர்தூக்கிப் பார்ப்பதே இந்த மதிப்புரையின் நோக்கம். ஸ்டார் ஸ்போர்ட்ஸ், சோனி ஸ்போர்ட்ஸ் ஆகிய இரண்டு குழுமங்களின் கட்டணச் சேனல்களையும் தூர்தர்ஷனின் இலவசச் சேனல்களையும் சேர்த்தே இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்டத்தைத் தடங்கலில்லாமல் திரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் வேலையைக் கேபிள் இன்றும் மிக நன்றாகச் செய்கிறது. ஆனால் எந்த ஆட்டம் எந்தச் சேனலில் வரும் என்பதைத் தீர்மானிக்கும் ஒளிபரப்பு உரிமை சந்தாதாரரின் கைக்கு எட்டாத இடத்தில் இருப்பதால், சேனலின் பெயரை நம்பிப் பணம் கட்டுபவர் தாம் எதிர்பார்த்த தொடரையே இழக்க நேரும் ஆபத்து ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறது.

நல்லதை முதலில் சொல்ல வேண்டும். கைப்பேசியிலோ இணையத் தொலைக்காட்சியிலோ ஆட்டம் பார்ப்பவர்களுக்கு, பரபரப்பான நேரத்தில் படம் நின்று சுழல்வதும் தரம் திடீரென்று மங்குவதும் பழகிப்போன தொல்லைகள். ஒரே நேரத்தில் பார்ப்பவர்களின் எண்ணிக்கை கூடக்கூட அந்த வழியில் நெரிசலும் கூடும். கேபிளில் அந்தச் சிக்கல் கிடையாது. பத்துப் பேர் பார்த்தாலும் பத்து லட்சம் பேர் பார்த்தாலும் கம்பியில் வரும் சிக்னல் ஒன்றுதான். அதைவிட முக்கியமானது நேரம். இணைய ஒளிபரப்பு பொதுவாகக் கேபிளைவிடப் பல நொடிகள் பின்தங்கியே வருகிறது. கடைசி ஓவரில் நான்கு ரன் தேவைப்படும் நிலையில், பந்துவீச்சாளர் ஓடி வரத் தொடங்கும்போதே பக்கத்து வீட்டு ஆரவாரம் கேட்டுவிட்டால் அந்தப் பந்தைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது? நேரலையின் முழுப் பயனும் அந்தச் சில நொடிகளில்தான் அடங்கியிருக்கிறது என்று நம்புகிறவன் நான். அந்த ஒரு காரணத்துக்காகவே கேபிள் இணைப்பை விட மனம் வருவதில்லை.

படத்தின் தரத்தில் கவனம் தேவை. சாதாரணத் தரமான எஸ்டி சேனலின் படத்தில் 576 கிடைவரிகளும் உயர்தரமான எச்டி சேனலின் படத்தில் 1080 கிடைவரிகளும் இருப்பதை எல்லோரும் அறிவார்கள்; தொடர் நாடகத்தில் பெரிதாகத் தெரியாத இந்த வேறுபாடு விளையாட்டில் கண்ணை உறுத்தும். பசும்புல் மீது வேகமாக உருளும் வெள்ளைப் பந்து, எஸ்டியில் எல்லைக்கோட்டை நெருங்கும்போது சிறு கட்டங்களாகச் சிதைந்து புல்லோடு கலந்துவிடுகிறது. கம்பியின் கொள்ளளவுக்குள் நிறைய சேனல்களைத் திணிப்பதற்காக ஆபரேட்டர்கள் சிக்னலை இறுக்கிச் சுருக்குவதே இதற்குக் காரணம். படம் வேகமாக நகர நகர அந்தச் சுருக்கத்தின் விளைவும் வெளிப்படும். கால்பந்தில், கேமரா மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத் திரும்பும்போது இதைத் தெளிவாகக் காணலாம். கையில் எச்டி பெட்டி இருந்தால், எஸ்டியில் மூன்று விளையாட்டுச் சேனல்கள் வாங்குவதற்குப் பதிலாக எச்டியில் ஒன்றை வாங்குவதே மேல்.

தமிழ் வர்ணனைக்குத் தனிப் பாராட்டு உண்டு. 2017இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் 1 தமிழ் வந்தது. 2021இல் தமிழுக்கும் தெலுங்குக்குமாகச் சோனி டென் 4 வந்தது. அதற்கு முன், தொலைக்காட்சியில் ஆங்கிலமோ இந்தியோ ஓட, வானொலியில் தமிழ் வர்ணனையாளர் அப்துல் ஜப்பார் போன்றவர்களின் குரலைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இந்த மாற்றத்தின் அருமை தெரியும். ஸ்ரீகாந்த், பத்ரிநாத், பாலாஜி போன்ற முன்னாள் வீரர்கள் ஒரு பந்தை ஏன் அப்படி வீசினார்கள் என்று விளக்கும்போது, ஆட்டத்தின் நுணுக்கம் ஆங்கிலம் அறியாத ஒருவருக்கும் எட்டுகிறது. கபடியில் இந்தப் பயன் இன்னும் பெரியது: ரைடர் போனஸ் கோட்டைக் கடந்தாரா, சங்கிலிப் பிடியில் யார் முதலில் நகர்ந்தார் என்பதெல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்து முடிந்துவிடுவதால், நல்ல வர்ணனை இல்லாமல் புதியவர்களால் அந்த ஆட்டத்தைப் பின்தொடர முடியாது. குறை என்று சொல்வதானால், ஆட்டம் சூடு பிடிக்கும்போது இரண்டு மூன்று பேர் சேர்ந்து பேசுவது. மைதானத்தின் ஒலியையும் கொஞ்சம் கேட்க விடலாம்.

விளம்பரத்தைப் பற்றிய என் வருத்தம் பழையது, ஆனால் குறையவில்லை. ஆறாவது பந்து முடிந்து, பந்துவீச்சாளர் நடுவரிடமிருந்து தொப்பியை வாங்கும்போதே விளம்பரம் தொடங்கிவிடுகிறது. திரும்பி வரும்போது மறுமுனையில் அடுத்த பந்துவீச்சாளர் ஓடத் தொடங்கியிருக்கிறார். இடைப்பட்ட அந்த நேரத்தில்தான் கேப்டன் ஸ்லிப்பில் நின்றவரை எடுத்து ஷார்ட் லெக்கில் நிறுத்தியிருப்பார். மட்டையாளர்கள் ஆடுகளத்தின் நடுவே நின்று ஏதோ பேசி முடிவெடுத்திருப்பார்கள். கிரிக்கெட் என்ற ஆட்டத்தின் சிந்தனை முழுவதும் பந்துகளுக்கு இடையில் நடப்பது. அதைத்தான் நாம் பார்ப்பதே இல்லை. ஒரு மணி நேரத்தில் 12 நிமிடங்களுக்கு மேல் விளம்பரம் கூடாது என்று கேபிள் தொலைக்காட்சி விதிகள் சொல்கின்றன. விதி என்னவாக இருந்தாலும், இலவசச் சேனலுக்கும் பணம் கட்டிப் பார்க்கும் சேனலுக்கும் விளம்பரத்தில் ஒரு வேறுபாடும் இல்லை என்பது சந்தாதாரருக்குச் செய்யும் நியாயமாகத் தெரியவில்லை.

இதற்கான காரணத்தை உரிமையின் விலையில் காணலாம். ஐபிஎல் 2023 முதல் 2027 வரையிலான உரிமைகள் 2022 ஜூனில் மின்னணு ஏலத்தில் மொத்தம் 48,390 கோடி ரூபாய்க்குப் போயின. அதில் இந்தியத் தொலைக்காட்சி உரிமை மட்டும் 23,575 கோடி. ஓர் ஆட்டத்துக்கு 57.5 கோடி ரூபாய். அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளுக்குத் தொலைக்காட்சியும் இணையமும் உலக உரிமையும் சேர்த்தே 16,347.5 கோடிதான். இவ்வளவு பணத்தைப் போட்டவர் அதைச் சந்தாவிலும் விளம்பரத்திலும்தான் எடுத்தாக வேண்டும். சந்தாவில் எடுப்பதற்கு எல்லை இருக்கிறது: 19 ரூபாய்க்கு மேல் விலை வைத்த சேனலை, பல சேனல்களைச் சேர்த்து விற்கும் தொகுப்பில் சேர்க்கக் கூடாது என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் விதி. 2020இல் அது 12 ரூபாயாகக் குறைக்கப்பட்டு, 2022 நவம்பரில் மீண்டும் 19 ஆனது. எனவே மிச்சம் முழுவதும் ஓவருக்கு ஓவர் விளம்பரத்தின் தலையில் விழுகிறது.

இனி இந்தச் சேவையின் பெருங்குறைக்கு வருகிறேன். 2025ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பியன்ஸ் டிராபியும் ஐபிஎல்லும் ஸ்டார் குழுமத்தில் வந்தன. அவற்றை நம்பி ஸ்டார் தொகுப்பை மட்டும் வைத்திருந்த ஒருவர், ஜூனில் தொடங்கிய இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தைக் கேபிளில் பார்த்திருக்க முடியாது. அதன் தொலைக்காட்சி உரிமை சோனியிடம் இருந்தது. ஓவல் மைதானத்தில் கடைசி நாள் காலை இந்தியா 6 ரன் வித்தியாசத்தில் வென்று தொடரைச் சமன் செய்த அந்த ஆட்டம், அண்மைக் காலத்தின் மிகச் சிறந்த டெஸ்ட்களில் ஒன்று. இதே தொடரை இணையத்தில் பார்த்தவர்கள் ஜியோஹாட்ஸ்டாரில் பார்த்தார்கள், அதாவது ஸ்டாரின் சொந்தக் குழுமத்தில். ஒரே தொடருக்குத் தொலைக்காட்சியில் ஒரு முகவரி, இணையத்தில் வேறொரு முகவரி. செப்டம்பரில் ஆசியக் கோப்பையும் சோனியில்தான். அக்டோபரில் மேற்கிந்தியத் தீவுகள் இங்கே வந்ததும், அதன்பின் இந்தியா ஆஸ்திரேலியா சென்றதும் மீண்டும் ஸ்டாரில். ஓர் அணியின் ஓராண்டு ஆட்டத்தை முழுமையாகப் பார்க்க இரண்டு குழுமங்களுக்கும் பணம் கட்ட வேண்டும் என்பதே இதன் பொருள்.

உரிமையின் வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால் இது எதிர்பாராத ஒன்றல்ல. ஐபிஎல் 2008 முதல் 2017 வரை செட் மேக்ஸ் என்று நாம் அறிந்த சோனியின் திரைப்படச் சேனலில் வந்தது. 2018இல் ஸ்டாருக்கு மாறியது. இந்தியா சொந்த மண்ணில் ஆடும் ஆட்டங்கள் 2006 முதல் நிம்பஸ் நிறுவனத்தின் நியோ சேனலில் வந்தன. 2012இல் ஸ்டாருக்கும், 2023இல் 5,963 கோடி ரூபாய்க்கு வயாகாம்18 நிறுவனத்துக்கும் சென்றன. அப்போது ஸ்போர்ட்ஸ்18 என்ற புதிய சேனலைச் சந்தாவில் சேர்க்க வேண்டி வந்தது. 2024 நவம்பரில் டிஸ்னி ஸ்டாரும் வயாகாம்18உம் ஜியோஸ்டார் என்று ஒன்றாக இணைந்தபின், 2025 மார்ச்சில் ஸ்போர்ட்ஸ்18 என்ற பெயரே மறைந்து ஸ்டார் ஸ்போர்ட்ஸுக்குள் அடங்கியது. ஒருகாலத்தில் 2002 கால்பந்து உலகக் கோப்பையைக் கொண்டுவந்த டென் ஸ்போர்ட்ஸ், ஜீயிடம் போய், பிறகு சோனியிடம் வந்து சேர்ந்தது. இந்த மாற்றங்கள் எதிலும் சந்தாதாரரின் விருப்பத்தை யாரும் கேட்டதில்லை. அவர் செய்ய முடிந்ததெல்லாம் ஆபரேட்டருக்குப் போன் செய்து புதுச் சேனலைச் சேர்க்கச் சொல்வதுதான்.

அதைச் செய்வதும் சொல்வதுபோல் எளிதல்ல. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த ட்ராயின் கட்டண முறைப்படி, எந்தச் சேனலையும் தனியாக வாங்கும் உரிமை சந்தாதாரருக்கு உண்டு. ஒவ்வொரு சேனலின் விலையையும் செட்-டாப் பாக்ஸின் நிகழ்ச்சி வழிகாட்டியில் காட்ட வேண்டும்; விளையாட்டுச் சேனல்கள் எல்லாவற்றையும் ஒரே வகையாக அடுத்தடுத்து வரிசைப்படுத்த வேண்டும். ஏட்டில் இது மிக நல்ல ஏற்பாடு. ஆனால் விளையாட்டுச் சேனல் ஒன்றை மட்டும் தனியாகக் கேட்டால், தொகுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள், அதுதான் லாபம் என்ற பதிலே எனக்கு என் ஆபரேட்டரிடமிருந்து வருகிறது. கணக்கிட்டால் அவர் சொல்வது பல நேரம் சரியாகவும் இருக்கும். ஒளிபரப்பாளர்களே தனி விலைக்கும் தொகுப்பு விலைக்கும் அப்படியோர் இடைவெளியை வைத்துத்தான் விலையைத் தீர்மானிக்கிறார்கள். விளையாட்டு ஒன்றுக்காக வருபவர் நாடகச் சேனல்களையும் திரைப்படச் சேனல்களையும் சேர்த்துச் சுமந்துகொண்டு போகிறார். சேனல் விலைக்கு மேல், இணைப்புக்காக ஆபரேட்டர் வாங்கும் வலைப்பின்னல் கட்டணமும் ஜிஎஸ்டியும் உண்டு. 130 ரூபாயில் தொடங்கிய வலைப்பின்னல் கட்டணத்துக்கு இருந்த உச்சவரம்பும் 2024இல் நீக்கப்பட்டுவிட்டது. புதிதாக இணைப்பு எடுப்பவர்கள் ரிமோட்டில் 999ஐ அழுத்தி, வாடிக்கையாளர் தகவல் சேனலில் விலைகளை ஒருமுறை படித்துவிட்டு ஆபரேட்டரிடம் பேசுவது நல்லது.

பணத்தைச் சரியாகக் கட்டியும் படம் வராத நாட்களும் இருந்தன. 2023 பிப்ரவரியில், புதிய விலைக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காக, ஸ்டார், சோனி, ஜீ ஆகியவை நாட்டின் பெரிய கேபிள் நிறுவனங்கள் பலவற்றுக்குச் சிக்னலைச் சில நாட்கள் நிறுத்திவைத்தன. ஆஸ்திரேலியா இங்கே வந்து டெஸ்ட் தொடர் ஆடிக்கொண்டிருந்த நேரம் அது. இரு தரப்புக்கும் அவரவர் நியாயம் இருந்திருக்கலாம்; மாதச் சந்தாவை முன்கூட்டியே கட்டியவருக்கு அந்தத் தகராறில் எந்த இடமும் இல்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது.

இந்தச் சேவையில் என் மனத்தை மிகவும் வருத்துவது தூர்தர்ஷன் விஷயம். 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், வங்காளக் கிரிக்கெட் சங்கம் ஹீரோ கோப்பை ஆட்டங்களின் உரிமையை வெளிநாட்டு நிறுவனத்துக்கு விற்றதையொட்டி எழுந்த வழக்கில், வானலைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தது. தனியார் ஒளிபரப்பு வளர்வதற்கு வழி திறந்த அதே தீர்ப்புதான், பொதுமக்களின் நலனே முதன்மையானது என்பதையும் பதிவு செய்தது. 2004இல் இந்திய அணி பாகிஸ்தான் சென்றபோது, டென் ஸ்போர்ட்ஸிடம் இருந்த உரிமையைத் தூர்தர்ஷனோடு பகிரும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2007இல் அது சட்டமாகவே வந்தது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என்று அறிவிக்கப்பட்ட ஆட்டங்களின் நேரலைச் சிக்னலை, உரிமை பெற்ற நிறுவனம், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும். விளம்பர வருவாயில் 75 சதவீதம் உரிமையாளருக்கும் 25 சதவீதம் பிரசார் பாரதிக்கும். இந்திய ஆடவர் அணியின் ஒருநாள், டி20 பன்னாட்டு ஆட்டங்களும் ஒலிம்பிக்கும் அந்தப் பட்டியலில் உண்டு, ஐபிஎல் இல்லை.

சட்டத்தின் நோக்கம் தெளிவானது: பணம் கட்ட முடியாதவரும் தன் நாட்டின் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். மறுபுறம், தூர்தர்ஷன் சேனல்களைக் கேபிளில் கட்டாயம் தர வேண்டும் என்று 1995ஆம் ஆண்டின் கேபிள் சட்டம் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், பகிரப்பட்ட ஆட்டம் தூர்தர்ஷன் வழியாகக் கேபிளிலும் வரும் என்று யாரும் எண்ணுவார்கள். பல ஆண்டுகள் அப்படியே வரவும் செய்தது. அப்படி இலவசமாக வந்தால், கோடிகளைக் கொட்டி உரிமை வாங்கிய தங்களிடம் சந்தாதாரர் ஏன் வருவார் என்று உரிமை பெற்ற நிறுவனங்களின் தரப்பு கேட்டது. பகிரப்படும் சிக்னல் தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்புக்கும் அதன் சொந்த டிஷ் சேவைக்கும் மட்டுமே உரியது, தனியார் கேபிளுக்கு அல்ல என்று 2015இல் டெல்லி உயர் நீதிமன்றம் கூறியதை, 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

அதன் விளைவு: தூர்தர்ஷனின் அந்த டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் வைத்திருப்பவர் மாதக் கட்டணம் ஏதுமின்றி ஆட்டத்தைப் பார்க்கிறார், மாதந்தோறும் கேபிளுக்குப் பணம் கட்டும் வீட்டில், விளையாட்டுத் தொகுப்பு இல்லையென்றால், அதே தூர்தர்ஷனைத் திருப்பினால் வேறு நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கிறது. சட்டத்தின் சொற்களை வைத்துப் பார்த்தால் தீர்ப்பில் பிழை காண முடியாது; உரிமை வாங்கியவரின் முதலீட்டுக்கும் பாதுகாப்பு வேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தரைவழி ஒளிபரப்புக் கோபுரங்களில் பெரும்பாலானவற்றைத் தூர்தர்ஷனே பின்னர் நிறுத்திவிட்ட நிலையில், 2007இன் சட்டம் யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களில் கேபிள் வைத்திருக்கும் எளிய குடும்பங்கள் வெளியே நிற்கின்றன. இதைத் திருத்த வேண்டியது நாடாளுமன்றம். அதுவரை, இந்திய அணியின் ஒருநாள், டி20 ஆட்டங்கள் மட்டும் போதும் என்பவர்களுக்கு விளையாட்டுத் தொகுப்பைவிட ஒருமுறை செலவில் முடியும் ஃப்ரீ டிஷ் மலிவானது என்று தயங்காமல் சொல்வேன்.

கிரிக்கெட்டைத் தாண்டிய ரசிகர்களுக்கு இந்தச் சேவை ஓரளவே பயன்படும். புரோ கபடியை 2014இல் தொடங்கிய நாளிலிருந்து ஸ்டார் மிகுந்த அக்கறையோடு காட்டி வருகிறது. மண்ணில் ஆடிய ஆட்டத்துக்கு இத்தனை கேமராக்கள் கிடைத்தது மகிழ்ச்சி. ஆங்கிலப் பிரீமியர் லீக் ஸ்டார் செலக்ட் சேனல்களிலும் ஐரோப்பியச் சாம்பியன்ஸ் லீக் சோனியிலும் வருவதால், கால்பந்து ரசிகரும் கிரிக்கெட் ரசிகரைப் போலவே இரண்டு பக்கமும் பணம் கட்டுகிறார். ஹாக்கிக்கும் தடகளத்துக்கும் உள்ள இடம் மிகக் குறைவு; உலகத் தரத்தில் நம் வீரர்கள் நிற்கும் சதுரங்கத்தைக் கேபிளில் தேடுவதே வீண்.

யார் வாங்கலாம் என்று கேட்டால், வீட்டில் பலர் சேர்ந்து பார்ப்பவர்களும், ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தொடரைத் தவறாமல் பின்தொடர்பவர்களும் தயங்காமல் வாங்கலாம். ஐபிஎல் மட்டும் பார்ப்பவர்கள் அந்த இரண்டு மாதங்களுக்கு ஸ்டாரின் தமிழ்ச் சேனல் ஒன்றைத் தனியாகச் சேர்த்து, முடிந்ததும் நீக்கிவிடலாம். ஆபரேட்டர் மறுத்தால் ட்ராய் விதியைச் சுட்டிக்காட்டுங்கள். வெளிநாட்டுச் சுற்றுப்பயணத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன், அந்த நாட்டு வாரியத்தின் இந்திய உரிமை யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள்: இங்கிலாந்து என்றால் 2028 வரை சோனி, ஆஸ்திரேலியா என்றால் 2030 வரை ஸ்டார். ஐபிஎல் ஒப்பந்தமும் ஐசிசி ஒப்பந்தமும் 2027இலும், இந்திய வாரியத்தின் உள்நாட்டு ஒப்பந்தம் 2028 மார்ச்சிலும் முடிகின்றன. எனவே ஆண்டுச் சந்தா என்று யாராவது சலுகை நீட்டினால், 2027 பிற்பகுதியைத் தாண்டிப் போகும் எதையும் இப்போது ஏற்க வேண்டாம்.